நீச்சல் தெரியாத குடும்பம், முழங்கால் வலியோடு அம்மா: அந்தமானுக்கு முதல் பயணம்

திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மே முதல் வாரம், 5 இரவுகள், அந்தமான். மனைவி, 11 வயது மகன், 6 வயது மகள், 68 வயது அம்மா. ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் போர்ட் பிளேர், ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாரத்தாங் எல்லாம் இருக்கின்றன. இந்த இடங்கள் போதுமா, இதற்குப் பதில் மாலத்தீவு போகலாமா என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறார்: எங்கள் யாருக்கும் நீச்சல் தெரியாது, அம்மாவுக்கு முழங்கால் வலியும் பிரஷரும் உண்டு. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. கடல் சூழ்ந்த ஒரு தீவில், பயமில்லாமல், அம்மாவை அறையில் தனியே உட்கார வைக்காமல், ஐந்து பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருக்க முடியுமா?

முடியும். ஆனால் அந்தத் திட்டத்தோடு முடியாது. பல வருடங்கள் ஹேவ்லாக்கில் ஸ்கூபா (காற்று உருளையை முதுகில் மாட்டிக் கடலுக்குள் இறங்குவது) பயிற்சியாளராக இருந்தேன். தண்ணீரைக் கண்டாலே கை நடுங்குகிறவர்களைப் பக்குவமாகக் கடலில் இறக்குவதுதான் என் வேலை. அதனால் கடல், படகு, தீவின் நடைமுறை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. கட்டணம் சீசனுக்கு சீசன் மாறுவதால் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மாலத்தீவை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே பல தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டு அரண் போல இருப்பதால் உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும்; நீச்சல் தெரியாதவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் விமான நிலையத்தில் இருந்து ரிசார்ட்டுக்குப் பெரும்பாலும் வேகப்படகிலோ கடல் விமானத்திலோ போக வேண்டும். ஐந்து பேருக்கு அந்தப் போக்குவரத்துச் செலவு மட்டுமே கணிசமாக வரும். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வேற்று நாட்டில் மருத்துவமனை தேட வேண்டும். அந்தமான் சென்னையில் இருந்து நேர் விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம். பாஸ்போர்ட் தேவையில்லை. போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். இட்லி, தோசைக்கும் தமிழில் பேசுவதற்கும் அம்மா கஷ்டப்பட மாட்டார். முதல் தீவுப் பயணத்துக்கு, அதுவும் வயதானவரோடு, நான் அந்தமானையே சொல்வேன்.

டிக்கெட் போடும்போது பெயர் மாற்றம் குழப்பலாம். ஹேவ்லாக் 2018-ல் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷாஹீத் த்வீப் ஆனது. போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது, நானும் அதையே எழுதுகிறேன். ஐந்து பேருக்கும் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். கப்பல் டிக்கெட்டுக்கும் அது வேண்டும்.

இப்போது தேதி. மே முதல் வாரம் மோசமான காலம் இல்லை. வெயில் கடுமையாக இருக்கும், கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவதே அந்தமானைத்தான். வழக்கமாக மே மூன்றாவது வாரத்தை ஒட்டி வரும், சில வருடங்களில் ஒரு வாரம் முந்தியே வந்துவிடும். மே மாதத்தில் வங்கக் கடலில் புயல் சின்னமும் உருவாகலாம். அப்படி ஒன்று வந்தால் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள், அப்போதும் விமானம் ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் தேதியில் கடல் எப்படி இருக்கும் என்று இரண்டு மாதம் முன்பே யாராலும் சொல்ல முடியாது. சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். அதனால்தான் கடைசி இரவைக் கண்டிப்பாகப் போர்ட் பிளேரில் வையுங்கள் என்கிறேன். காலையில் ஹேவ்லாக்கில் கப்பல் ஏறி மதியம் விமானம் பிடிக்கும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். ஒரு கப்பல் ரத்தானால் ஐந்து விமான டிக்கெட்டும் போச்சு.

5 இரவுகளை நான் பிரிப்பது இப்படி: போர்ட் பிளேரில் ஒன்று, ஹேவ்லாக்கில் மூன்று, திரும்பப் போர்ட் பிளேரில் ஒன்று. நீல் தீவை விட மனசு வராதுதான். அது சின்னது, சமதளம், ஹேவ்லாக்கை விட அமைதி. ஆனால் ஒவ்வொரு தீவு மாற்றத்துக்கும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, கப்பல் துறையில் வெயிலில் காத்திருந்து, மறுபடி அறை கிடைக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அரை நாள் அதிலேயே போய்விடும். சின்னக் குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் இருக்கும் வீட்டில் அந்த அரை நாள்தான் சண்டை வரும் நாள். ஒரே இடத்தில் மூன்று இரவு தங்கினால் இரண்டாம் நாள் காலையிலேயே குழந்தைகளுக்குக் கடற்கரை பழகிவிடும், அம்மாவுக்கு மர நிழலில் ஒரு இடம் அமைந்துவிடும்.

பாரத்தாங்கை முழுசாக எடுத்துவிடுங்கள். போர்ட் பிளேரில் இருந்து சுமார் 100 கி.மீ.; விடியலுக்கு வெகுமுன்பே எழுந்து, சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, காவல் வண்டியோடு கூட்டமாகப் போய், வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகில் கடந்து, படகு ஏறி, அப்புறம் சுண்ணாம்புக் குகைக்கு நடக்க வேண்டும். அம்மாவால் முடியாது என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சாலை ஜராவா மக்களின் காட்டுக்குள் போகிறது என்பது. சில நூறு பேரே உள்ள சமூகம் அது. வெளியுலகத்தோடு அவர்கள் நட்பாகப் பழக ஆரம்பித்தது 1998-ஐ ஒட்டித்தான், அடுத்த வருடமே அவர்களிடையே தட்டம்மை பரவியது. 1956-லேயே பழங்குடிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தும், அவர்களை ஆட வைத்து எடுத்த வீடியோ 2012-ல் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, எதையாவது கொடுப்பது எல்லாம் குற்றம் என்று பலகை இருக்கிறது. இருந்தும் ஜன்னல் வழியே மனிதர்களைத் தேடும் கண்களோடுதான் பல வண்டிகள் போகின்றன. குழந்தைகளுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

போர்ட் பிளேரில் இறங்கும் நாளில் செல்லுலார் சிறை மட்டும் போதும். 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்த கட்டடம். நடுக் கோபுரத்தில் இருந்து ஏழு பக்கமும் கிளைகள்; இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்த கிளையின் பின்சுவரைப் பார்த்தே இருக்கும், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இதை உங்கள் பையனிடம் முதலில் சொல்லிவிட்டுக் கூட்டிப்போனால் அந்த வராந்தாவில் அவன் நடப்பதே வேறு மாதிரி இருக்கும். அம்மா மாடி ஏற வேண்டியதில்லை, கீழேயே பார்க்க நிறைய உண்டு. ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் நேரமிருந்தால் ராஸ் தீவு. படகில் சில நிமிடங்கள்தான், உள்ளே பேட்டரி வண்டி கிடைக்கும். நார்த் பே வேண்டாம். அங்கே செய்யும் கடல் விளையாட்டுகளை ஹேவ்லாக்கில் நிதானமாகச் செய்யலாம்.

ஹேவ்லாக் கப்பலுக்கு வருவோம். தனியார் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுக் கப்பலில் இன்னும் கொஞ்சம் கூடுதல். தனியார் கப்பல் பெரும்பாலும் ஏசி போட்டு மூடியது, வெளியே நிற்க விடமாட்டார்கள். வாந்தி வருகிறவர்களுக்கு அதுதான் கஷ்டம். கீழ்த்தளத்தில், நடுவில், பின்பக்கமாக இருக்கை கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. வயிற்றை முழுசாகக் காலியாகவும் வைக்காதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், இட்லி போதும். போனைப் பார்க்காமல் தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை. மகளுக்கு எவ்வளவு, அம்மாவின் பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும். கப்பலில் இருந்து இறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அடுத்து, நான் மிக முக்கியமாக நினைப்பது. அந்தமான் நாள் நம் ஊர் நாள் இல்லை. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் மே மாதத்தில் காலை 5 மணிக்கெல்லாம் விடிந்துவிடும், மாலை 6 மணிக்குள் இருட்டிவிடும். ஓட்டலில் 9 மணிக்கு டிபன் முடித்து 10 மணிக்குக் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள், நாளின் நல்ல நேரத்தை எல்லாம் தூங்கித் தொலைத்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும்போது குழந்தைகளை மணலில் இறக்குகின்றன. நீங்கள் ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்குத் தண்ணீர் ஓரம் இருங்கள். ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுங்கள். மதியம் தூங்கி, மூன்றரைக்கு மறுபடி போங்கள். அம்மாவுக்கும் இந்த நேரம்தான் பழக்கமாக இருக்கும்.

வெயிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஏற்றமும் வற்றமும். சென்னைக் கடற்கரையில் அது பெரிதாகக் கண்ணுக்குத் தெரியாது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 2 மீட்டர் வரை தண்ணீர் ஏறி இறங்கும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், விஜயநகர் பக்கம், ஏற்றத்தில் நீலமாகத் தளும்பும் கடல், ஆறு மணி நேரம் கழித்துப் பாறையும் பாசியுமாக வெகுதூரம் உள்ளே போய்விடும். அப்போது அங்கே குளிக்க முடியாது, நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கலாம். ராதாநகர் மேற்குக் கரை, மணல் தரை, அதனால் வற்றத்திலும் குளிக்கலாம். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போவதற்கு முன் உங்கள் தேதிக்கான அட்டவணையை இணையத்தில் எடுத்து, எந்த நாள் எந்தக் கரை என்று குறித்து வையுங்கள். ஏஜென்டின் திட்டத்தில் இது ஒருபோதும் இருக்காது. அவருக்கு வண்டி காலியாக இருக்கும் நேரம்தான் கணக்கு.

நீச்சல் தெரியாதவர்களுக்குச் சில விஷயங்களைத் தயங்காமல் உறுதியாகச் சொல்வேன். பெரியவர்களுக்கு இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், மகளுக்கு அவள் முழங்கால் அளவு. கையை நீட்டினால் அவளைத் தொடும் தூரத்தில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. மூழ்கும் குழந்தை சினிமாவில் போலக் கத்தாது; தலை பின்னுக்குச் சாய, சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். அதனால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்: இப்போது நான் பார்க்கிறேன், நீ போய்த் தண்ணீர் குடி. காற்றடைத்த டியூப், கையில் மாட்டும் பலூன் எல்லாம் விளையாட்டுச் சாமான். கரையில் இருந்து கடல் பக்கம் காற்று வீசினால் டியூப் குழந்தையோடு போய்விடும். அளவு சரியான, கால்களுக்கிடையே வார் உள்ள லைஃப் ஜாக்கெட்டை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்கள் அளவு.

ராதாநகரில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், குளிக்கும் எல்லையும் குறித்திருக்கும். அந்த எல்லைக்குள்ளேயே இருங்கள். கால்களை இழுக்கும் நீரோட்டம் இருந்தால் எதிர்த்துக் கரைக்கு வரப் போராடக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-ல் ராதாநகரின் ஓரத்தில் ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்த அமெரிக்கப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். அவற்றின் இடம் அலையாத்திக் காடுகளும் ஓடை கடலில் கலக்கும் வாய்களும். கூட்டமுள்ள, காவல் உள்ள கரையில், பகல் வெளிச்சத்தில் ஆபத்து மிகக் குறைவு. ஓடை வாய்ப் பக்கம், மங்கிய வெளிச்சத்தில், ஆளில்லாத கரையில் இறங்கவே வேண்டாம். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் உள்ளூர்ப் பையன்கள் குளித்தாலும் நீங்கள் குளிக்காதீர்கள்.

எலிஃபன்ட் பீச்சுக்கு ஹேவ்லாக் படகுத் துறையில் இருந்து வேகப்படகு போகும், சுமார் 20 நிமிடம். நீச்சல் தெரியாதவர்களை மிதவையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வழிகாட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பவளத்தைக் காட்டுவார். பயப்படுகிறவர்களுக்கும் இது சரிவரும். ஆனால் படகில் இருந்து பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டும், படகும் தூக்கித் தூக்கிப் போடும். அம்மாவுக்கு இது வேண்டாம். ஒரு காலை நீங்களும் மகனும், மறு காலை உங்கள் மனைவியும் மகனும் என்று முறைவைத்துப் போங்கள், அம்மாவும் மகளும் துணையில்லாமல் இருக்க மாட்டார்கள். 2004 சுனாமியும் 2010-ல் கடல் சூடானதால் வந்த வெளுப்பும் அங்கிருந்த பவளத்தை மிகவும் பாதித்தன. விளம்பரப் படத்தில் பார்த்த நிறங்களை எதிர்பார்க்காதீர்கள், மீன்கள் ஏமாற்றாது. தண்ணீர் தெளிவாக இருக்குமா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

ஸ்நார்க்கலிங் முகமூடிக்கு வீட்டிலேயே பழக்கலாம். ஒரு மலிவான முகமூடியும் குழாயும் வாங்கி, அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பி, முகத்தை வைத்து வாயால் மட்டும் மூச்சு விடச் சொல்லுங்கள். தினம் பத்து நிமிடம், ஒரு வாரம். கடலில் முதல்முறை திணறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆழத்துக்குப் பயந்து திணறுவதில்லை, மூக்கை மறக்க முடியாமல்தான் திணறுகிறார்கள். உங்களுக்கு அடர்த்தியான மீசை இருந்தால் முகமூடிக்குள் தண்ணீர் கசியும்; மீசைமேல் கொஞ்சம் வாஸலின் தடவினால் குறையும்.

உங்கள் மகன் ஸ்கூபா கேட்பான். பொதுவாக 10 வயதில் இருந்து அனுமதிக்கிறார்கள், அதனால் வயது தடையில்லை. பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு ஆழமில்லாத இடத்தில் இறக்குவதற்கு நீச்சலும் கட்டாயம் இல்லை. ஆனால் சளி, காது வலி, ஆஸ்துமா இருந்தால் இறக்கக் கூடாது. கையெழுத்து வாங்கும் உடல்நலப் படிவத்தைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுகிறவர்களைப் பார்த்து நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். அவன் மனசு மாறி வேண்டாம் என்றால் கட்டியதை எண்ணி வற்புறுத்தாதீர்கள், அவன் பயம் அங்கே மரியாதைக்குரியது. ஸ்கூபா முடித்து 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. கடைசி இரவு போர்ட் பிளேரில் என்ற கணக்கு இதற்கும் உதவும்.

வெயிலுக்குக் கழுத்து வரை மூடும் முழுக்கை நீச்சல் சட்டை எல்லோருக்கும் வாங்குங்கள். தண்ணீரில் குப்புற மிதக்கும்போது முதுகு எரிவது மாலையில்தான் தெரியும். சில வகை சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கேடு என்று சொல்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அது தெரிகிறது, திறந்த கடலில் எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. சட்டை போட்டால் அந்த விவாதமே தேவையில்லை. சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்கக் கூடாது என்பது உறுதி. வினிகர் சில வகைக்கு உதவும், எல்லா வகைக்கும் உதவும் என்று சொல்வதற்கில்லை. கல்மீன் போன்றவற்றின் முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை வைத்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரப்பர் செருப்புக்குப் பதிலாக, பின்னால் வார் உள்ள காலணி போட்டால் இந்தப் பிரச்சினை பாதி குறையும். மாலையில் மணல் ஈ கடிக்கும், குழந்தைகளுக்கு முழுக்கால் சட்டை போடுங்கள்.

மகள் சங்கு பொறுக்குவாள். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் கொட்டும், சில வகைகளின் விஷம் ஆளையே கொல்லும். எதையும் கையில் எடுக்காமல் பார்க்கப் பழக்குங்கள். பவளத் துண்டு, சங்கு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புலிக்கு நிகரான பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், குழந்தை அழும்.

ஹேவ்லாக்கில் சிறிய அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள், இடையில் கடல். ஆகவே அம்மாவின் மாத்திரைகளை இரண்டு பங்காக, இரண்டு பைகளில், கூடுதலாக ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்து வாருங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் அதிலேயே இருக்கட்டும். ரொக்கமும் கொண்டு வாருங்கள், தீவில் ஏடிஎம் சில மட்டுமே, நெட்வொர்க்கும் அடிக்கடி போகும். அறையைத் தரைத்தளத்தில், மேற்கத்தியக் கழிப்பறையோடு, கடற்கரையிலோ நடக்கும் தூரத்திலோ கேளுங்கள். நீங்கள் கடலில் இருக்கும் நேரத்தில் அம்மா தானே நடந்து வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, தானே திரும்பிப் போக முடிய வேண்டும். நல்ல நீச்சல் குளம் உள்ள தூரத்து ஓட்டலைவிட இது எவ்வளவோ மேல்.

ஏஜென்டிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னால் மூன்று இடம் குறைகிறதே என்பார். விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கப்பல் ரத்தானால் பணம் திரும்ப வருமா, அன்றைய இரவு அறைச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், அந்த நாட்களின் ஏற்ற வற்ற நேரத்தை வைத்து எந்தக் காலை எந்தக் கரை என்று நான் போட்டுத் தருகிறேன்.